ராகு காலத்தில் மூன்று விண்கலங்கள்

வரைபடத்தில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை என்றார் லார்ஸ். வடக்கு ஸ்வீடனில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்குழுவின் தலைவர் அவர். சிரிப்பதற்குக்கூட முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்கிற நிதானம். திரையில் தென்னிந்தியாவைப் பெரிதாக்கி, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு பழுப்புத் திட்டில் விரலை வைத்து, இங்கே அமைதியாக இருக்கும் என்றார். நான் நாகப்பட்டினத்துக்காரி. நாமக்கல்லை முட்டையாகவும் லாரியாகவும் மட்டுமே அறிந்தவள். நாட்டில் ஓடும் லாரிகளில் பாதிக்கு உடம்பு கட்டிக் கொடுக்கிற சீமையைப் பார்த்து ஒருவர் அமைதி என்கிறாரே என்று மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில், வெண்ணந்தூரில், என் விடுதித் தோழி கவிதாவின் பெற்றோருக்குத் தோட்டம் இருந்தது நினைவுக்கு வந்து, தலையை ஆட்டிவிட்டேன்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சுற்றி ஒரு காந்தமண்டலம் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் காற்று அதன் மேல் மோதும்போது உள்ளே மின்காந்த அலைகள் எழுகின்றன. அந்த அலைகள் எப்படிப் பரவுகின்றன என்பதில் எனக்கும் லார்ஸுக்கும் வருடக்கணக்காகச் சண்டை. பந்தியில் சோறு பரிமாறுவதுபோல வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு இலையாக வருகிறது என்பது அவர் கட்சி. தண்ணீர் அண்டாவை எட்டி உதைத்த மாதிரி உட்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் குலுங்குகிறது என்பது என் கட்சி. இதை ஒரே ஒரு விண்கலத்தை வைத்துத் தீர்க்க முடியாது. ஒரே ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பந்தியைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது மூன்று விண்கலங்கள், மூன்று வேறு வேறு உயரங்களில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் இந்தப் பழுப்புத் திட்டுக்கு மேலே ஒரே வரிசையில் நிற்கப்போகின்றன. நான்காவது காதாக நான் தரையில் ஒரு காந்தமானியைப் புதைத்துவைக்க வேண்டும். மூன்றில் தொலைவில் இருக்கும் கலத்துக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் அதை அணைத்துவிடுவார்கள். இந்த வெள்ளியை விட்டால் எனக்கு வேறு வெள்ளி கிடையாது. லார்ஸ் ஓய்வு பெறும்வரை பந்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை சேலத்தில் இறங்கினேன். பசி. பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு, இரண்டு சட்னி தடவி, ஒரே வாயில் போட வேண்டிய பொருள். நான் ஸ்வீடன் பழக்கத்தில் பாதி கடித்தேன். மீதிப் பாதி பீட்ரூட்டோடு என் சட்டையில் இறங்கியது. வண்டிக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அடுத்ததை அவரே எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே வைத்துவிட்டார். நான் குடியிருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் என் பெயர் தெரியாது.

பேருந்தில் ஏறியதும் நடத்துநர் என் சாமானைப் பார்த்தார். காந்தமானி என்பது பார்க்க ஒரு வெள்ளைக் குழாய்தான். நீளமாக, உருளையாக, ஒரு முனையில் கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும்.

"சப்மர்சிபிள் மோட்டாருக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கோணுமுங்க" என்றார்.

இது போர்த் தண்ணீர் இறைக்கிற மோட்டார் இல்லை, அறிவியல் கருவி என்றேன். அவர் குழாயை ஒரு முறை தட்டிப்பார்த்து, எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டார். டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த டிக்கெட்டில்தான் என் தலையெழுத்து அச்சாகியிருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

வெண்ணந்தூரில் கவிதாவின் அப்பா பொன்னுசாமி தன் மொபெட்டோடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அதிகம் பேசாதவர். அவர் பேசாததற்கும் சேர்த்து கவிதாவின் அம்மா தங்கமணி பேசினார். வாசலைத் தாண்டுவதற்குள் என் சம்பளம், கணவரின் சம்பளம், ஏன் இப்படி மெலிந்திருக்கிறேன், அந்த ஊரில் சோறு கிடைக்காதா, எல்லாம் கேட்டு முடித்தார். பதில்களில் கடைசி ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது. சோறு கிடைக்காது என்றதும் நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்புச் சாதம், முட்டை. மறுநாள் காலை அவித்த முட்டை. மதியம் பொரித்த முட்டை. இடையில் ஒரு கலக்கி, அதாவது பாதி வெந்ததும் சுருட்டி எடுத்துக் குழம்பு ஊற்றித் தருகிற முட்டை. அதற்கு முன்னால் உலகத்தின் எல்லா ஆம்லெட்டுகளும் அவசரக்கார வேலை என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை இடம் தேடினோம். காந்தமானிக்கு எதிரி அசைகிற இரும்பு. நின்ற இடத்தில் நிற்கும் இரும்பு பரவாயில்லை, கணக்கில் கழித்துவிடலாம். நகர்கிற மொபெட், கட்டுத்தறியில் மாடு இழுக்கும் சங்கிலி, ஓடி நிற்கும் மோட்டார், இவைதான் வினை. கையில் ஒரு சின்னக் கருவியைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தேன். பொன்னுசாமி அப்பா பின்னாலேயே வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் முள் ஆடியது. இது வேண்டாம் என்றேன். கிணற்றடியில் ஆடியது. இது வேண்டாம் என்றேன். கிணறு வற்றிக் கிடந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கடைசியில் மரவள்ளிக்காட்டின் கோடியில், புளிய மரத்துக்குச் சற்றுத் தள்ளி, முள் அசையாமல் நின்றது. நான் அங்கேயே முன்னும் பின்னும் நடந்து, திரும்பத் திரும்பப் பார்த்து, இங்கேதான் என்று காலால் கோடு கிழித்தேன். வேலிக்கு அப்பால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"எத்தனை அடிங்க அம்மிணி?" என்று கேட்டார் பொன்னுசாமி அப்பா.

மூன்றடி போதும் என்றேன். வெயில் சூடு படாமல் கருவி இருக்க அவ்வளவு ஆழம் வேண்டும்.

"மூணடியில வந்துருச்சுன்னா நாங்க ஏனுங்க ஆயிரம் அடி போறோம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நானும் சிரித்துவைத்தேன். கீழேயிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம், மேலேயிருந்து வருவதுதான் வேண்டும் என்று விளக்கினேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து வர வேண்டியது வந்தே நெடுநாளாயிற்று என்றார். சூரியக் காற்றைப் பற்றி இவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோனேன். படித்தவர்களின் மகிழ்ச்சிக்கு அதிகம் செலவாகாது.

குழி வெட்டினோம். குழாயை வடக்குப் பார்த்துப் படுக்கவைத்து, மட்டம் பார்த்து, மூடினோம். கேபிளைப் புளிய மரத்தடிக்கு இழுத்துப் பதிவுப் பெட்டியில் சேர்த்தேன். பக்கத்தில் வருகிறவர்கள் இரும்பு எதுவும் கொண்டுவரக் கூடாது, சாவி, கத்தி, செல்போன் எல்லாம் தள்ளியே வைத்துவிட வேண்டும் என்று சொன்னேன். யாரும் காரணம் கேட்கவில்லை. செருப்பையும் சேர்த்துக் கழற்றிவிட்டு வந்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் குழி மேட்டில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. அதில் இரும்பு இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை கணினியைத் திறந்தேன். விடிந்த கையோடு காந்தப்புலம் ஒரே எட்டில் குதித்திருந்தது. இப்படி ஒரு குதிப்பை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஸ்வீடனில் அப்போது நடுச்சாமம். லார்ஸை எழுப்பிவிட்டேன். சூரியனில் ஏதோ பெரிதாக வெடித்திருக்கிறது, விண்கலங்களுக்கு ஆபத்தா பாருங்கள் என்று கத்தினேன். அவர் பொறுமையாக எழுந்து, மற்ற நாடுகளின் நிலையங்களை எல்லாம் பார்த்துவிட்டு, உலகம் முழுவதும் அமைதியாக இருக்கிறது, வெண்ணந்தூரில் மட்டும்தான் புயல் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடிய மண்ணுக்கு மேல் ஒரு குச்சி நட்டு, அதில் எலுமிச்சம்பழம், மிளகாய், படிகாரம், அவற்றுக்குக் கீழே கனமான மாட்டு லாடம் ஒன்று கட்டியிருந்தது.

தங்கமணி அம்மா பின்னாலேயே வந்தார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, கண்ணு பட்டுவிடும், அதனால் கட்டினேன் என்றார். இரும்பு கூடாது என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன். அது இரும்பு இல்லை, லாடம் என்றார் சற்று வருத்தத்துடன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று கெஞ்சி அவிழ்த்து வாங்கினேன். லார்ஸுக்கு, தவறான எச்சரிக்கை என்று ஒரு வரி அனுப்பினேன். காரணம் கேட்டார். மாட்டின் செருப்பு என்று பதில் எழுதினேன்.

வியாழக்கிழமை ஒரு வேலையாக நாமக்கல் போக வேண்டியிருந்தது. பதிவுப் பெட்டியின் மூடியில் இரண்டு பித்தளைத் திருகாணிகள் தேய்ந்துவிட்டன. பாதி வழியில் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. எல்லோரும் இறங்கி நின்றோம். நெடுஞ்சாலையில் அப்போது ஒரு காட்சி வந்தது. லாரிதான், ஆனால் லாரியின் எலும்புக்கூடு. சக்கரம், என்ஜின், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரை இல்லை, கதவு இல்லை, முன் கண்ணாடி இல்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் திறந்த வெளியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். உடம்பு கட்டிக்கொள்ள நாமக்கல்லுக்குப் போகிற சேசிஸ். நடத்துநர் கையைக் காட்டி நிறுத்தி, இந்த அம்மா அவசரமாகப் போகணும் என்று என்னை ஏற்றிவிட்டார். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அதைச் சொல்ல நேரம் தரவில்லை.

ஓட்டுநர் ராஜஸ்தான்காரர். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினோம். காற்றில் பாதி பறந்துபோய்விட்டது. வடக்கேயிருந்து நாள் கணக்கில் இப்படியே ஓட்டி வருகிறாராம். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நனைவேன் என்றார். வெயில் வந்தால்? காய்வேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அலைகள் இருக்கின்றன, அவற்றை எண்ணுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, வேலைக்கு அலைவதில் நான்தான் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன் என்றார். நாமக்கல்லில் என்னை இறக்கிவிட்டபோது என் தலைமுடி ஒரு புதிய திசையைத் தேர்ந்தெடுத்திருந்தது. திருகாணிக் கடைக்காரர் என்னிடம் பேரமே பேசவில்லை.

திரும்பி வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொன்னுசாமி அப்பா, நாளைக்குச் சண்முகம் வருகிறான் என்றார். தங்கமணி அம்மாவின் தம்பி, திருச்செங்கோட்டில் இருக்கிறாராம். வரட்டுமே, ஒறம்பரை வந்தால் நல்லதுதானே என்று, விருந்தாளிக்கு இங்கே வழங்கும் சொல்லிலேயே சொன்னேன். நீங்கள் பார்த்துச் சொன்ன நேரம் நல்ல நேரம், அவனும் ஊரில் இருக்கிறான் என்றார். நான் மூன்றாவது முட்டையில் கவனமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பூமி அதிர்கிற சத்தத்தில் வெளியே வந்தேன். தோட்டத்துப் பாதையில் ஒரு ரிக் வண்டி வந்துகொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற ராட்சத லாரி. அதன் பின்னால் இரும்புக் குழாய்களைச் சுமந்துகொண்டு இன்னொரு லாரி. இரண்டும் மரவள்ளியைக் கவனமாக ஒதுக்கிக்கொண்டு நேராக என் குழியை நோக்கிப் போய், அதற்குப் பக்கத்தில் நின்றன. முன்சீட்டிலிருந்து சண்முகம் இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சப்மர்சிபிள் டிக்கெட், வேலி முணுமுணுப்பு, எத்தனை அடி, மஞ்சள் குங்குமம். இவர்கள் கணக்கில், வெளிநாட்டுக் கருவியோடு வந்த நீரோட்டம் பார்க்கும் பெண் நான். கவிதாவின் வீட்டுக் கிணறு வற்றிப்போனதைக் கேள்விப்பட்டு ஸ்வீடனிலிருந்து ஓடி வந்திருக்கிறேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். இது தண்ணீர் பார்க்கிற கருவி இல்லை. கீழே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. வானத்தில் மூன்று கலங்கள் வருகின்றன, பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை இங்கே இரும்பு அசையக் கூடாது, அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பொன்னுசாமி அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சண்முகம்தான் பேசினார். ஒன்பதரைக்கு நல்ல நேரம், அதில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், இரவே வண்டி மத்தியப்பிரதேசம் கிளம்ப வேண்டும், அங்கே ஆள் காத்திருக்கிறது என்றார். பிறகு முக்கியமானதைச் சொன்னார்.

"நீங்க பார்த்துக் குடுத்த எடம். மொதத் தேங்கா உங்க கையாலதான் ஒடைக்கோணுமுங்க."

நிலம் பொன்னுசாமி அப்பாவுடையது, ரிக் அவர் மச்சானுடையது. நான் யார் தடுக்க? அழுகை வந்தது. தங்கமணி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பசியில் இருக்கிறாள் பிள்ளை என்று முடிவு கட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் தேங்காய், எல்லோரும் வாங்க என்று உள்ளே கூட்டிப்போனார்.

இலை போட்டார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் முட்டைக்கு விடுமுறை, சந்தகை. புழுங்கலரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிந்து எடுக்கிற சேவை. எதிரே சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கியது. பிறந்ததிலிருந்து பார்த்த நாட்காட்டிதான். ஆனால் அதன் அடியில் இருந்த அந்தச் சின்னக் கட்டத்தை வாழ்க்கையில் முதல் முறையாக மரியாதையோடு படித்தேன். வெள்ளி. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.

வேலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துவிட்டால் ராகு காலத்திலும் ஓடும். ஆரம்பித்ததை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் பத்தரைவரை ஆரம்பிக்காமல் இருந்துவிட்டால், பன்னிரண்டு மணிவரை இந்த ஜில்லாவில் ஒருவரும் ஒரு மண்வெட்டியைக்கூடப் புதிதாகத் தொட மாட்டார்கள். தேங்காய் நான்தான் உடைக்க வேண்டும். விருந்தாளி இலையை மடிக்காமல் வீட்டுக்காரர் எழ மாட்டார். ஆகவே அறிவியலுக்காக நான் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சாப்பிட ஆரம்பித்தேன்.

தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிட்டேன். எலுமிச்சை சந்தகை உண்டா என்று கேட்டேன். தங்கமணி அம்மாவின் முகம் மலர்ந்து, புதிதாகத் தாளித்தார். புளி போட்டும் செய்வீர்களாமே என்று கவிதா சொன்னாள் என்றேன். கவிதா அப்படிச் சொன்னதே இல்லை. அதற்குள் மாவு தீர்ந்தது. மறு ஈடு வேக வேண்டும், பிறகு பிழிய வேண்டும். நல்லது, காத்திருக்கிறேன் என்றேன். ரிக் ஆட்கள் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். சண்முகம் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் மேல் அவருக்கு இருந்த மரியாதை, என் வயிற்றைப் பார்த்து மெல்ல மெல்லப் பயமாக மாறிக்கொண்டிருந்தது. ஸ்வீடனில் எங்கள் ஆய்வகத்தில் மதிய உணவு என்றால் ஆளுக்கு ஒரு டப்பா, ஒரு முள்கரண்டி, யாரும் யாருடைய டப்பாவையும் பார்க்க மாட்டார்கள். அங்கே இந்தத் திட்டம் தோற்றிருக்கும்.

நல்ல நேரம் என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. கடைசியில் ஒரு வாய் மோர் சாதம் கிடைக்குமா என்று கேட்டபோது தங்கமணி அம்மாவே சற்றுத் தயங்கினார். அதைப் பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டேன். சுவர்க்கடிகாரம் பத்தரை காட்டியதும் இலையை மடித்தேன்.

சண்முகம் நாட்காட்டியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். போன வருடம் சத்தீஸ்கரில் ராகு காலம் என்று தெரியாமல் ஓட்டை போட ஆரம்பித்து, சுத்தியல் முனை உள்ளேயே மாட்டிக்கொண்டு, இன்றுவரை அங்கேயே இருக்கிறதாம். பன்னிரண்டு மணி ஆகட்டும் என்று வெளியே போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்கள் புளிய மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு மொபெட்கூடக் கிளம்பவில்லை. ரிக் என் குழிக்குப் பக்கத்தில் மலை மாதிரி நின்றது. நிற்கட்டும், நிற்கிற இரும்பு எனக்கு உறவுதான்.

நான் எழ முடியாமல் எழுந்து, மரத்தடியில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோடு நேராகப் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சூரியனும் ராகு காலம் பார்க்கிறதோ என்று பயம் வந்தது. பிறகு கோடு மெல்ல எழுந்தது, தணிந்தது, எழுந்தது, தணிந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு போல, அத்தனை சீராக. ரிக் ஆட்களின் குறட்டைக்கு நடுவே பூமியின் காந்தமண்டலம் குலுங்கிக்கொண்டிருந்தது. மேலே மூன்று கலங்களும் இதையே கேட்டுக்கொண்டிருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் விக்கல் வந்தது. சந்தகையினாலும் இருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு என் கையில் தேங்காயைக் கொடுத்தார்கள். அப்போதுதான் சந்தோஷம் போய், உள்ளுக்குள் குத்தியது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்த மனிதர் என்னை நம்பி ஆயிரம் அடி போகப்போகிறார். பொன்னுசாமி அப்பாவைத் தனியாக அழைத்து, அப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், இங்கே தண்ணீர் இருப்பதாக நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு முன்னால வந்து பார்த்தவங்க எல்லாரும் தண்ணி இருக்குதுன்னு அடிச்சுச் சொன்னாங்க அம்மிணி. அத்தனை குழியும் வெறும் புழுதிப் புகையாத்தான் போச்சு. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க. அதான் இந்த எடத்து மேல எனக்கு நம்பிக்கை."

தேங்காயை உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

ரிக் ஆரம்பித்ததும் தோட்டமே ஆடியது. வெள்ளைப் புழுதி பொங்கி எழுந்து மரவள்ளி, புளிய மரம், நான், எல்லோர் மேலும் படிந்தது. குழாய் மேல் குழாயாக இறக்கினார்கள். புழுதி. மறுபடியும் புழுதி. மதியம் போயிற்று. யாரும் சாப்பிடவில்லை, எனக்கு அவசியமும் இல்லை. பொன்னுசாமி அப்பா கையைக் கட்டிக்கொண்டு அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதிவுப் பெட்டியை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அந்த நேரத்தில் காந்தமண்டலம் எப்படிப் போனாலும் எனக்குக் கவலை இல்லை. வெயில் சாய்கிறபோது புழுதி கொஞ்சம் கறுத்தது. சண்முகம் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். உருண்டையாக நின்றது. அப்புறம் சேறு வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது.

வெள்ளம் இல்லை. ஒன்றரை இன்ச் என்றார் சண்முகம். தண்ணீரை அப்படித்தான் அளக்கிறார்கள் இங்கே. மரவள்ளி பிழைக்க அது போதும், மாட்டுக்கும் வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும் என்றார். பொன்னுசாமி அப்பா இரண்டு கையாலும் ஏந்தி வாயில் விட்டு, உப்பா என்று பார்த்தார். பிறகு அந்தச் சேற்றிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொங்கிப் பொங்கி அழுகை வந்தது. தங்கமணி அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். கையில் லாடம்.

"இப்பக் கட்டலாமுங்களா?"

கட்டுங்கள் என்றேன்.

ஸ்வீடன் திரும்பி, மூன்று கலங்களின் பதிவும் வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. நான்கு கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தோம். நான்கும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாகத் தணிந்தன. அண்டாதான். லார்ஸ் நெடுநேரம் பார்த்துவிட்டு, என் பந்தி கலைந்தது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, இத்தனை ஆண்டுகளில் எந்த நிலையத்திலும் இவ்வளவு சுத்தமான ஒன்றரை மணி நேரத்தைப் பார்த்ததில்லை, அத்தனை பேரையும் எப்படி அசையாமல் வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இப்படி ஒன்றரை மணி நேரம் உண்டா என்று கேட்டு, ஏழு நாளுக்கும் எழுதி வாங்கிக்கொண்டார். அது இப்போது அவர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அடுத்த கலங்கள் எப்போது வரிசைக்கு வரும் என்பதை அதனோடு சரிபார்க்கிறார்.

அதே படத்தில் பன்னிரண்டு மணிக்குப் பிறகு என் கோடு வெறிபிடித்து ஆடியிருந்தது. இது என்ன நிகழ்வு, இதுவரை யாரும் கண்டதில்லையே என்று லார்ஸ் திரையில் மூக்கு படக் குனிந்தார். ரிக் என்றேன். கடைசியில் இந்தப் பெரிய குதிப்பு? லாடம். அவர் மெல்லச் சிரித்தார்; நாள் குறிக்காமலேயே சிரித்தார்.

அன்றைக்கே வெண்ணந்தூருக்குப் பேசினேன். மோட்டார் இறக்கியாயிற்று, மரவள்ளி நிமிர்ந்துவிட்டது, கரூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் உங்களைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்றார் பொன்னுசாமி அப்பா. ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். பிறகு என் செய்தியைச் சொன்னேன். வானத்தில் மூன்று கலங்களும், உங்கள் மரவள்ளிக்காடும், நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் அலை ஆடியிருக்கிறது, நான் சொன்னதுதான் சரி என்று மூச்சு விடாமல் சொன்னேன். மறுமுனையில் தொட்டியில் தண்ணீர் விழுவது கேட்டது.

"அப்ப உங்களுக்கும் தண்ணி வந்துருச்சுங்களா அம்மிணி?"

"வந்துருச்சுங்க" என்றேன்.